இன்ஜெக்ஷனா கார்ப்பரேட்டரா? என் பழைய கார்ல நான் பண்ணது

என் கார்ல இருக்கறது கார்ப்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பழைய பாகம். சூடான இன்ஜினை ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகாது, ஐடில்லயும் நிக்காது, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஆஃப் ஆயிடும். இதுக்காகவே அதைக் கழட்டிட்டு, பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுற இன்ஜெக்ஷன் கிட் மாட்டிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம்தான் என்னென்ன வேணும்னு பார்த்தேன். கார்ப்பரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) பெட்ரோல் பிரஷர் போதும், பெரும்பாலான இன்ஜெக்ஷன் கிட்டுக்கு 40க்கு மேல வேணும், அப்போ பம்ப் மாத்தணும், ஹோஸ் மாத்தணும், டேங்குக்கு ரிட்டர்ன் லைன் இழுக்கணும், எக்ஸாஸ்ட்ல ஆக்ஸிஜன் சென்சார் வேற, பழைய டைனமோ இதுக்கெல்லாம் தாங்காது.

சரி, கழட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை செக் பண்ணுவோம்னு இன்ஜின் ஓடும்போதே த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்ஸிலேட்டரை மிதிச்சா கார்ப்பரேட்டருக்குள்ள காத்து வழியைத் திறக்குற தகட்டோட தண்டு) ஓரத்துல கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயை துளியூண்டு அடிச்சேன் (சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிச்சிடும், ரொம்ப கவனம்), சட்டுனு ஆர்பிஎம் மாறுச்சு. ஷாஃப்ட்டை விரல்ல பிடிச்சு ஆட்டுனா டக்டக்னு ஆடுது. அந்த சந்து வழியாதான் காத்து திருட்டுத்தனமா உள்ள போயிருக்கு!

ஷாஃப்ட் ஆடாம இருக்க அதைச் சுத்தி புது புஷ் (வளையம்) போட்டேன், கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்றதைத் திறந்து மூடுற நீடில் வால்வை மாத்தி, பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கற மிதவையோட (ஃப்ளோட்) லெவலை சரியா வச்சேன், சூடு மேல ஏறி பெட்ரோல் கொதிக்காம இருக்க கார்ப்பரேட்டருக்கு அடியில தடியா ஒரு இன்சுலேட்டர் ஸ்பேசர். இப்போ சூட்லயும் ஒரே செல்ஃப்ல பிடிக்குது.

தினமும் ஓட்டுறவங்க, அடிக்கடி மலை ஏறி இறங்குறவங்க தாராளமா இன்ஜெக்ஷன் போடுங்க, உயரத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல்-காத்து மிக்ஸ்சரை அதுவே சரி பண்ணிக்கும். ஆனா மொதல்ல அந்த ஷாஃப்ட்டை ஒருதடவை ஆட்டிப் பாருங்க.