‘சிறுநீரகம் தெரியவில்லை’ என்கிறதா ஸ்கேன்?

குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்துவிட்டு, ‘குழந்தையின் இடது சிறுநீரகம் தெரியவில்லை’ என்ற ஒற்றை வரியோடு வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறும் குடும்பங்கள் உண்டு. அந்த வரியை ‘சிறுநீரகமே இல்லை’ என்று படித்துக்கொள்வது முதல் தவறு. அது இடுப்புக்குழிக்குள் இறங்கியிருக்கலாம். மறுபக்கம் போய் மற்றதோடு ஒட்டியும் இருக்கலாம். அங்கெல்லாம் தேடிய பிறகே ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

நேர்மாறான தவறு இன்னும் நுட்பமானது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார வேண்டிய அட்ரீனல் சுரப்பி, கீழே சிறுநீரகம் இல்லாவிட்டால் முதுகெலும்பை ஒட்டி நீளமாகப் படுத்துவிடும். சிசுவுக்கு அந்தச் சுரப்பி பெரிது. ஓரம் கறுத்து நடு வெளுத்து, அவசரக் கண்ணுக்குச் சிறுநீரகமாகவே தோன்றும். காலி இடத்தில் சரிந்த குடலும் ஏமாற்றும். பெருந்தமனியிலிருந்து அந்தப் பக்கம் ரத்தக்குழாய் பிரிகிறதா என்று, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் பெரும்பாலும் சந்தேகம் தீரும். அதற்குக்கூட நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பனிக்குட நீர் போதுமான அளவு இருப்பதால் இரண்டு சிறுநீரகங்களும் நலம் என்று நம்பக் கூடாது. ஒரு சிறுநீரகமே அவ்வளவு நீரைத் தந்துவிடும். நான்காம் மாதத்துக்கு முந்தைய நீரோ எதற்கும் சாட்சி இல்லை. சுமார் 16 வாரத்துக்குப் பிறகுதான் சிசுவின் சிறுநீர் அதில் பெரும்பங்காகிறது. அதன்பின் நீர் வற்றி, மூத்திரப்பையும் நிரம்பாமலே இருந்தால் இரண்டுமே இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்படி இருந்தால் நுரையீரல் சரியாக வளராது. குழந்தை பிழைப்பது மிக அரிது. ஆனால் மூத்திரப்பை ஒருமுறை காலியாகத் தெரிந்தால் போதாது. சிசு அப்போதுதான் சிறுநீர் கழித்திருக்கும். அரைமணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். 18 முதல் 20 வாரத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனை ‘ஆடி போகட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். 24 வாரம் தாண்டிவிட்டால் கருக்கலைப்பு முடிவுக்கு மருத்துவ வாரியம் வரை போக நேரும்.

ஒற்றைச் சிறுநீரகம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். ‘குழந்தை நன்றாகத்தான் சிறுநீர் கழிக்கிறது’ என்று, பிறந்த பிறகு எடுக்க வேண்டிய ஸ்கேனை விடுவதும் இதனால்தான். அதிலும் தெரியாவிட்டால் டிஎம்எஸ்ஏ ஸ்கேன் உதவும். ஊசிவழி செலுத்தும் கதிரியக்க மருந்தை, வேலை செய்யும் சிறுநீரகத் திசு எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பழைய ஸ்கேன் படங்களை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்: கருவில் நீர்க்கட்டிகளோடு இருந்த சிறுநீரகம் பின்னாளில் சுருங்கி மறைந்துபோவதும் உண்டு.

ஒரு சிறுநீரகம் இல்லாதது பெண் குழந்தையானால் கருப்பையின் அமைப்பிலும் கோளாறு இருக்கலாம். பூப்பெய்தும் வயதையொட்டி அடிவயிற்று ஸ்கேன் எடுக்காமல் விட்டால், மாதாமாதம் வரும் கடும் வலிக்குக் காரணம் தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.