காரைக்குடியிலிருந்து ஐந்து மாதம்: பை கட்டுவதும் விடைபெறுவதும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து முதுகுப் பையோடு வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து, மலேசியா என்று தரைவழியே நான்கைந்து மாதம் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கான குறிப்பு இது. இவ்வளவு நீண்ட பயணத்தில் ஆளைக் களைப்பாக்குவது அடிக்கடி விடைபெறுவதுதான். வீட்டில் ஒருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது பிரிந்து கிளம்ப வேண்டியிருக்கும். விசாவுக்குத் திட்டமிடுவதுபோல இதற்கும் திட்டமிட வேண்டும்.

முதலில் வழி. திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி வியட்நாம் போய்விடுங்கள். அங்கிருந்து லாவோஸ், தாய்லாந்து, பிறகு தெற்குத் தாய்லாந்து நகரமான ஹாட்யாய் வழியாக மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசார், கடைசியாக மலேசியாவின் பினாங்கு. பலர் பினாங்கில்தான் தொடங்குகிறார்கள். கடைசிக்கு வைப்பதே நல்லது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தமிழ்ப் பேச்சும் சோறும் மிகவும் தேவைப்படும். பினாங்கின் வாட்டர்ஃபால் சாலையில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அங்கே ஓடும் வெள்ளி ரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் போனது. தைப்பூச வாரத்தில் போவதாக இருந்தால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரியும் இ-விசாவில் வேறு மாதிரியும் பெயர் விழுந்தால் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் நிரப்புங்கள். தகப்பனார் பெயரை முழுதாகச் சேர்த்துப் புதுப்பிக்க நினைத்தால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அப்போதே 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். தரைவழி எல்லைகளில் பக்கம் வேகமாகத் தீரும். ஒவ்வொரு நாட்டுக்குள் நுழையும் நாளிலும் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுள் மீதம் இருக்க வேண்டும்.

வியட்நாம் இ-விசா 90 நாள் வரை கிடைக்கும். எந்த எல்லை வழியாக நுழைகிறோம், வெளியேறுகிறோம் என்று அதில் குறிக்க வேண்டும். இ-விசாவை ஏற்காத சிறிய எல்லைச் சாவடிக்குப் பேருந்து பிடித்துப் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. தாய்லாந்தில் அனுமதித்த நாளைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சவரம்பு 20,000 பாட். நண்பர்களோடு இன்னும் இரண்டு நாள் இருக்கலாம் என்று தோன்றும்போதுதான் இந்தத் தவறு நடக்கிறது. நுழைந்த அன்றே முத்திரையில் உள்ள கடைசித் தேதியைத் தொலைபேசியில் குறித்து, ஐந்து நாள் முன்பே நினைவூட்டும்படி வையுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் டிக்கெட் எடுக்கும் வாரம் ஒருமுறை, கிளம்பும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

வீட்டில் சொல்லிக்கொள்வது

உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொள்வதை மூன்று வாரம் முன்பே தொடங்கிக் கடைசி இரண்டு நாளை வீட்டுக்கென்று விடுங்கள். அந்த இரண்டு நாளும் அப்பத்தா, ஐயா, ஆத்தாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. யாரும் எதுவும் தரவேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆகவே என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். 200 கிராம் பருப்புப் பொடி, கொஞ்சம் சுக்கு போதும். ஊறுகாய் எண்ணெய் கசிந்து துணியெல்லாம் வீணாகும். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். மிக முக்கியம் கசகசா: குருமா மசாலாவில் அரைத்துப் போட்டுத் தரும் வீடுகள் உண்டு. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வழியில் எங்கே விமானம் மாறினாலும் சரி, கசகசா சேர்ந்த எந்தப் பொடியும் பையில் வேண்டாம்.

தினமும் பேசுகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். லாவோஸ் மலைப்பாதையில் இரவுப் பேருந்தில் சிக்னல் போனால் இங்கே வீடே விழித்திருக்கும். வாரம் இரண்டு நாள், இந்திய நேரம் மாலை 7 மணி என்று வையுங்கள். வியட்நாமிலும் தாய்லாந்திலும் அப்போது 8.30, மலேசியாவில் 9.30. பேச முடியாத நாட்களை முன்கூட்டியே சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண், தங்கும் ஊர்களின் வரிசை ஆகியவற்றைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டு, ரீசார்ஜ் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் செத்துப்போனால் வங்கி ஓடிபி வராது.

திரும்பும் தேதியை டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குடும்பத்தில் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு எப்போது, பிள்ளையார் நோன்பு எப்போது, யாருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு தேதி போடுங்கள்.

வழியில் பிரிவது

மலிவு விலை விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான். 40 லிட்டர் பை, மூன்று மாற்றுடை, ஈரிழைத் துண்டு ஒன்று. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இவற்றோடு சின்ன ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை) பத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, உள்ளே காலுறையைத் திணித்தால் நசுங்காது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஜிப் கவரில் வையுங்கள். சமைத்துப் போட்ட விடுதி அம்மாவுக்கும், காய்ச்சலில் பார்த்துக்கொண்டவருக்கும் கொடுக்க அதைவிட நல்ல பொருள் நம் பக்கம் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் மட்டும் ஓலைப் பொருள் என்று அறிவித்துவிட வேண்டும்.

ஓர் ஊரில் ஐந்து இரவாவது தங்குங்கள். இரண்டு இரவில் கிளம்பினால் யாரோடும் பழக்கம் வராது. அதோடு தினமும் பை கட்டும் சலிப்பு சேரும். சேர்ந்து பயணிக்கும் நண்பர் கிடைத்தால், எந்த ஊர்வரை ஒன்றாகப் போவது என்று முதல் வாரமே பேசிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒருவர் தன் வழியை மாற்றிக்கொண்டு உள்ளுக்குள் வருந்துவார். பணக்கணக்கைப் பிரிவதற்கு முந்தின நாளே, அந்த நாட்டுக் காசிலேயே தீருங்கள். நல்ல பேருந்துகள் விடியற்காலையில் போகும். அந்த அவசரத்தில் யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ள முடியாது. முந்தின இரவுச் சாப்பாட்டை அதற்கு ஒதுக்குங்கள். மலேசியாவில் வாட்ஸ்அப், தாய்லாந்தில் லைன், வியட்நாமில் ஸாலோ என்று ஆளுக்கொரு செயலி இருப்பதால், எண்ணை வாங்கியவுடன் அவர் முன்னாலேயே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். அனுப்புகிறேன் என்று சொன்ன படங்களை அடுத்த ஊரில் இறங்கியதுமே அனுப்பிவிடுங்கள். பத்து நாள் கழிந்தால் பெயரும் முகமும் குழம்பும்.

பினாங்கில் கடைசி ஒரு வாரம் இருங்கள். திருச்சிக்குப் பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுத்தால், இருட்டுவதற்குள் காரைக்குடி வந்துவிடலாம்.