ரெட்ரோ கேம் பதிவில் சீப்புக் கோடுகள்: நான் சரிசெய்த விதம்

சூப்பர் நின்டென்டோ கன்சோலில் 1991ல் வந்த ஜெல்டா கேமை விளையாடிப் பதிவு செய்தால், அதன் நாயகன் லிங்க் ஓடும்போதெல்லாம் உடம்பு முழுக்கச் சீப்புப் பல் போலக் கோடுகள். டிவியில் பார்த்தால் படம் சுத்தமாக இருந்தது.

சிக்கல், கன்சோலின் படத்தைக் கணினியில் பதிவு செய்ய உதவும் கேப்சர் கார்டில். கன்சோல் தருவது 240பி, அதாவது 240 கோட்டு முழுப் படங்கள், நொடிக்குச் சுமார் 60. கார்டு அதை 480ஐ (ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறி வரும் அரைப் படங்கள்) என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னி ஒன்றாக்கிவிடுகிறது.

நடுவில் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாட்டினேன். ஒவ்வொரு கோட்டையும் இரட்டித்து, 480பியாக எச்டிஎம்ஐயில் அனுப்பும் அருமையான பெட்டி அது. அப்புறம் ஒரு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. பதிவு மென்பொருளான ஓபிஎஸ்ஸில் பட விகிதம் 4:3, வேகம் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படங்கள்). கோடுகள் போயே போய்விட்டன.

அந்த 60ஐ மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 30ல் பதிவு செய்தால் ஒரு படம் விட்டு ஒரு படம்தான் பதிவாகும்; அடிபட்டு மினுங்கும் லிங்க் ஒன்று மறைந்தே போவான், இல்லை மினுங்கவே மாட்டான்.