பி53 புற்றுநோய் மாற்றங்களைப் புரத வடிவத்தில் பார்ப்பது எப்படி?

பரிசோதனை அறிக்கையில் "டிபி53 ஆர்175எச்" (TP53 R175H) என்று இருந்தால், டிபி53 மரபணு தரும், கட்டி வளர்வதைத் தடுக்கும் பி53 புரதத்தின் 175ஆம் இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்திருக்கிறது என்று பொருள். அதனால் பி53 புரதம் ஏன் கெட்டது என்பதை அந்த எழுத்துகள் சொல்லாது. அதற்குப் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைத் திறந்து பார்க்க வேண்டும். இணைய உலாவி இருந்தால் போதும்.

1. எண்ணைச் சரிபாருங்கள்

இந்த மரபணுவிலிருந்து நீளம் வேறுபட்ட பல புரதங்கள் வருகின்றன. வழக்கமாக எண்ணுவது 393 அமினோ அமிலம் கொண்ட முழுநீளப் புரதத்தை வைத்துத்தான். புரத வரிசைகளைத் தொகுத்திருக்கும் யூனிப்ராட் (UniProt) தளத்தில் அதன் குறியீடு பி04637 (P04637). அங்கே 175ஆம் இடத்தில் அர்ஜினின் இருக்கும். உங்கள் அறிக்கையிலுள்ள எழுத்தும் எண்ணும் இந்த வரிசையோடு பொருந்தாவிட்டால் மேலே போகாதீர்கள்.

2. கட்டமைப்பைத் திறங்கள்

புரத வடிவங்களைச் சேமித்திருக்கும் ஆர்சிஎஸ்பி (RCSB) புரதத் தரவு வங்கியில் 1டியுபி (1TUP) என்று தேடுங்கள். பி53இன் நடுப்பகுதி டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் எக்ஸ்-கதிர்ப் படிக வடிவம் இது, இதற்கான ஆய்வுக் கட்டுரை 1994இல் வெளியானது. பிரிதிறன், அதாவது படத்தின் நுணுக்கம், 2.2 ஆங்ஸ்ட்ராம் (எண் சிறிதானால் படம் தெளிவு) என்பதால் பக்கச் சங்கிலிகளை, அதாவது ஒவ்வோர் அமினோ அமிலத்திலிருந்தும் நீளும் கிளைகளை, ஓரளவு நம்பலாம். 3 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிய வடிவங்களில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

3. சரியான சங்கிலியைப் பிடியுங்கள்

முப்பரிமாணக் காட்சியில் மோல்ஸ்டார் (Mol*) என்ற காட்டும் கருவி திறக்கும். கோப்பில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு 'சங்கிலி' என்று எழுத்திட்டுக் காட்டப்படும். மேலே உள்ள வரிசைப் பட்டையில் 'பி' (B) சங்கிலியைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். படிகத்தில் மூன்று பி53 மூலக்கூறுகள் இருந்தாலும், டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தைப் பிடித்திருப்பது பி சங்கிலி மட்டுமே. சி (C) சங்கிலியில் 248ஆம் அமினோ அமிலத்தைப் பார்த்துவிட்டு, அது டிஎன்ஏவைத் தொடவில்லை என்று முடிவு கட்டினால் எல்லாமே தப்பாகிவிடும்.

இன்னொரு கண்ணி எண். படிகத்தில் இருப்பது 94 முதல் 312 வரையிலான துண்டு. கோப்பின் உள்எண் 1இல் தொடங்குவதால் 248 என்பது 155 என்றும் தெரியும். 'ஆத்' (auth) என்ற குறியோடு வரும் எண்ணையே எடுங்கள்.

4. ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள்

ஓர் அமினோ அமிலத்தைச் சொடுக்கினால், சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருப்பவை விரியும். பிணைப்புகள் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். 248ஆம் அர்ஜினின் டிஎன்ஏவின் சிறு பள்ளத்துக்குள் நுழைகிறது. 273ஆம் அர்ஜினின் டிஎன்ஏவின் பாஸ்பேட் முதுகெலும்பைப் பிடிக்கிறது. 273 ஹிஸ்டிடினாக மாறினால் புரதத்தின் மடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், டிஎன்ஏவின் மீதான பிடி மட்டும் போகும்.

175 வேறு வகை. அது டிஎன்ஏவைத் தொடுவதில்லை. பக்கத்திலேயே ஒரு துத்தநாக அயனி இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவை சிஸ்டீன் 176, ஹிஸ்டிடின் 179, சிஸ்டீன் 238, சிஸ்டீன் 242. 175 மாறினால் துத்தநாகத்தின் பிடி தளர்ந்து, மடிப்பே குலைகிறது. பிடி போன புரதம், மடிப்பு போன புரதம் என்று மருந்து தேடுவோர் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

220ஆம் டைரோசினையும் கட்டாயம் பாருங்கள். அது டிஎன்ஏவிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. அந்த இடத்தில் சிறிய சிஸ்டீன் வந்தால் புரதப் பரப்பில் ஒரு குழி விழுந்து, நிலைப்புத்தன்மை மோலுக்குச் சுமார் 4 கிலோகலோரி குறைகிறது. அந்தக் குழிக்குள் பொருந்தும்படி உருவாக்கப்பட்ட ரெசடபாப்ட் மருந்து மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. குழியை 2ஜே1எக்ஸ் (2J1X) வடிவத்தில் காணலாம். ஆனால் அதை 1டியுபியோடு ஒப்பிடாதீர்கள்: படிகமாக்க வசதியாக 133, 203, 239, 268 ஆகிய இடங்களையும் ஆய்வாளர்களே மாற்றியிருக்கிறார்கள். அதே நான்கு மாற்றங்கள் கொண்ட 1யுஓஎல் (1UOL) வடிவமே ஒப்பிடச் சரியான இணை.

5. ஆல்ஃபாஃபோல்டை எங்கே நிறுத்துவது

ஆல்ஃபாஃபோல்டு (AlphaFold) என்பது அமினோ அமில வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல். மாறிய வரிசையைக் கொடுத்தால் அது பெரும்பாலும் பழைய வடிவத்தையே திருப்பித் தரும். "வடிவம் மாறவில்லை, ஆகவே தீங்கில்லை" என்று அதைப் படிக்கக் கூடாது. நிலைப்புத்தன்மை எவ்வளவு குறைந்தது என்பதை அது கணிப்பதில்லை. அது தன் கணிப்புக்குத் தரும் நம்பகப் புள்ளி (pLDDT, 100க்கு) 50க்குக் கீழே உள்ள பகுதிகளில் தூரம் அளப்பதும் வீண்வேலை. பி53இன் முனைப்பகுதிகள் பலவும் அப்படித்தான்.

6. வெளிச்சான்று தேடுங்கள்

துத்தநாகத்துக்கு அருகில் இருப்பதாலேயே ஒரு மாற்றம் புற்றுநோயை உண்டாக்கியது என்றாகாது. கட்டிகளில் அது திரும்பத் திரும்ப வருகிறதா என்று புற்றுநோய் மரபணு மாற்றங்களின் தொகுப்பான காஸ்மிக் (COSMIC) தளத்திலும், மருத்துவ வகைப்பாட்டைக் கிளின்வார் (ClinVar) தளத்திலும் பாருங்கள். வடிவம், காஸ்மிக், கிளின்வார் மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் திறந்த சங்கிலியையும் எண்ணையும்தான்.