நெய்யும் பாகும் இல்லாமல் பேரீச்சம்பழ உருண்டை

கொட்டை நீக்கிய ஒரு கப் பேரீச்சம்பழத்தை வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். சூடு ஆறுவதற்குள் மசித்து, ஒரு கப் வறுத்த வேர்க்கடலைப் பொடியோடு பிசைந்து உருட்டிவிடுங்கள்.

சூட்டில் பழம் இளகி நன்றாக ஒட்டும். ஆறியதும் தானே இறுகிவிடும். அதனால் நெய், வெல்லப்பாகு இரண்டும் மிச்சம். கடலையை மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் அரைத்தால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். கடிக்கும்போது நறநறவென்று கொஞ்சம் தட்டுப்பட்டால்தான் ருசி!

ஏற்கெனவே குழைந்திருக்கும் ஈரப் பழத்துக்கு இது சரிவராது, சூடு காட்டினால் கையெல்லாம் பிசுபிசுக்கும். கல் மாதிரி காய்ந்த பேரீச்சங்காய் சூட்டுக்கு மசியாது. தண்ணீரில் ஊறவைத்துச் செய்தால் உருண்டை சீக்கிரம் கெட்டுவிடும்.