டாக்டர் ஹூ-ல யாரு பெஸ்ட் டாக்டர்னு பேசுறப்ப நாம பண்ற தப்புகள்

டாக்டர் ஹூ பாக்குற ரெண்டு பேரு ஒண்ணா உக்காந்தா பத்து நிமிஷத்துக்குள்ள "உனக்கு எந்த டாக்டர் பிடிக்கும்"னு கேள்வி வந்துரும், அடுத்த பத்து நிமிஷத்துல சண்டையும் வந்துரும். டாக்டர்ங்கற பேர்ல காலத்துலயும் விண்வெளியிலயும் சுத்துற ஒரு வேத்துக்கிரகவாசியோட கதை இது. 1963 நவம்பர் 23 அன்னைக்கு பிபிசி-ல ஆரம்பிச்ச சீரிஸ், 1966ல ஹீரோ வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாம போனப்ப கதையை நிறுத்தாம "இவர் மனுஷன் இல்ல, வேற உடம்புக்கு மாறிக்குவார்"னு ஒரு வழி பண்ணி பேட்ரிக் ட்ரௌட்டனை உள்ள கொண்டு வந்தாங்க, அந்த ஒரு முடிவாலதான் இன்னிக்கு வரைக்கும் ஓடுது, நாமளும் இன்னிக்கு வரைக்கும் சண்டை போடுறோம். சண்டை போடுறது எனக்கு ரொம்ப பிடிக்கும், அதை நிறுத்தச் சொல்லல. ஆனா நடிகரைப் பத்தி பேசுறோம்னு நெனச்சுக்கிட்டு நாம முக்கால்வாசி நேரம் வேற எதையோதான் பேசிட்டிருக்கோம், கதை எழுதுனவரை, கோட்டு தைச்சவரை, எந்த நேரத்துல ஒளிபரப்பு பண்றதுன்னு முடிவு பண்ண அதிகாரியை. திட்டு மட்டும் நடிகருக்குப் போகுது.

இதுல பெரிய தப்பு கதையோட மார்க்கை நடிகருக்குப் போடுறது. இதுக்கு ஒரு உதாரணம் போதும். 2009ல டாக்டர் ஹூ மேகசின் அதுவரைக்கும் வந்த 200 கதைகளையும் வாசகர்களை விட்டு வரிசைப்படுத்த சொன்னாங்க. முதல் இடம் பீட்டர் டேவிசனோட கடைசி கதை தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி. கடைசி இடம் காலின் பேக்கரோட முதல் கதை தி ட்வின் டிலெமா. இந்த ரெண்டும் எப்ப வந்துச்சு தெரியுமா, 1984 மார்ச் மாசத்துல அடுத்தடுத்து! ஒரே சீசன், ஒரே ப்ரொட்யூசர் ஜான் நேதன்-டர்னர், ஒரே ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சேவர்ட், ஒரு வாரம் உச்சி, அடுத்த வாரம் பாதாளம்.

மாறுனது டாக்டர் மட்டும்தானா? இல்ல. ஆண்ட்ரோசானியை எழுதுனது ராபர்ட் ஹோம்ஸ், அந்தக் காலத்து டாக்டர் ஹூ எழுத்தாளர்கள்ல அவருக்கு மேல யாரும் இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன், டைரக்ட் பண்ணது கிரேம் ஹார்ப்பர், மத்த கதைகள்ல கேமரா நாடக மேடை மாதிரி நிக்கும், இவரு அதைக் கையில தூக்கிட்டு ஓட விட்டாரு. முதல் எபிசோடுலயே டாக்டரும் அவர்கூட பயணம் வர்ற பெரிங்கற பொண்ணும் தெரியாம ஒரு விஷத்தை தொட்டுடுறாங்க, அதுக்கப்புறம் டாக்டர் உலகத்தைக் காப்பாத்தப் போகல, கூட வந்து கொஞ்ச நாள்தான் ஆன அந்தப் பொண்ணைக் காப்பாத்த தவழ்ந்து தவழ்ந்து போறாரு, அவ்ளோதான் கதை. அடுத்த கதையில புது டாக்டர் வந்தவுடனே அதே பெரியோட கழுத்தை நெரிக்கிறாரு. அதையும் சீசன் கடைசியில வச்சுட்டாங்க, அடுத்த கதை 1985 ஜனவரியிலதான். ஒம்பது மாசம் ஜனங்க மனசுல இருந்தது அந்த ஒரு டாக்டர்தான். இதை வச்சுக்கிட்டு டேவிசன் பெரிய நடிகர், காலின் பேக்கர் மோசமான நடிகர்னு ஒருத்தர் சொன்னா, அவரு நடிப்பைப் பாக்கவே இல்லன்னுதான் அர்த்தம்.

காலின் பேக்கர் விஷயத்துல எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது, அதனால இங்க கொஞ்சம் நின்னுட்டுப் போறேன். டாக்டரா அவரு போட்ட அந்தக் கலர் கலரான கோட்டு அவரு கேட்டது இல்ல, அவருக்கு கருப்பு டிரெஸ் போட ஆசை, ரசனையே இல்லாத மாதிரி ஒரு கோட்டு வேணும்னு கேட்டது ப்ரொட்யூசர். 1985ல சீரிஸை 18 மாசம் நிறுத்தி வச்சாங்க, திரும்பி வந்தப்ப 14 எபிசோடு, அது முடிஞ்சதும் பிபிசி அவரை வெளிய அனுப்பிட்டாங்க, அடுத்த டாக்டரா உடம்பு மாறுற சீனுக்கு (ரீஜெனரேஷன்) மட்டும் வாங்கன்னு கூப்பிட்டப்ப அவரு வரல, அதனால அடுத்த டாக்டரா வந்த சில்வெஸ்டர் மெக்காய்தான் அவரு மாதிரி விக்கு மாட்டிக்கிட்டு தரையில படுத்தாரு. நானும் ட்வின் டிலெமா ஒண்ணை மட்டும் பாத்துட்டு ரொம்ப வருஷம் இவரை வரிசையில கடைசியில வச்சிருந்தேன். அப்புறம் பிக் ஃபினிஷ்ங்கற கம்பெனி போடுற டாக்டர் ஹூ ஆடியோ நாடகங்களைக் கேட்டேன், கோட்டு கண்ணுக்குத் தெரியல, குரல் மட்டும்தான், அதுல அந்த மனுஷன் காட்டுற கோவமும் கருணையும் இருக்கே! ஜூபிலினு 2003ல வந்த ஒரு ஆடியோ, ராப் ஷியர்மன் எழுதுனது, டாக்டரோட பரம எதிரிகளான டாலெக்குகள்ல ஒரே ஒரு டாலெக்கை அடைச்சு வச்சு சித்திரவதை பண்ற கதை. அந்த ஐடியாவைத்தான் 2005ல ஷியர்மனே அப்ப டாக்டரா இருந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனுக்கு டாலெக்-ங்கற எபிசோடா மாத்தி எழுதுனாரு. எக்கிள்ஸ்டன் ரசிகர்கள் கொண்டாடுற எபிசோடோட வேர் காலின் பேக்கர்கிட்ட இருக்கு, இதை எத்தனை பேரு சொல்றோம்?

இதே தப்போட இன்னொரு முகம்தான் ஷோரன்னரையும் (சீரிஸை மொத்தமா நடத்துற தலைமை எழுத்தாளர்) நடிகரையும் ஒண்ணாக் கொழப்புறது. நடிகை ஜோடி விட்டேகர் விஷயத்துல இது உச்சத்துக்குப் போச்சு. 2017 ஜூலையில பேரு அறிவிச்சாங்க, அவங்க திரையில முகம் காட்டுனது அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு, நடுவுல அஞ்சு மாசம் ஒரு சீன் கூட பாக்காமலே "பொண்ணு டாக்டரா, சரிப்படாது"னு எழுதித் தள்ளுனாங்க. இது விமர்சனமே இல்ல. அப்புறம் எபிசோடு வந்தப்ப உண்மையாவே குறை இருந்துச்சு, டாக்டர்கூட பயணம் போறவங்க மூணு பேரு, எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வரி வசனம், டாக்டருக்கு வந்ததெல்லாம் விளக்கம் சொல்ற வசனம். அது அப்ப ஷோரன்னரா இருந்த கிறிஸ் சிப்னலோட எழுத்து பத்தின புகார், அதை தாராளமா வைக்கலாம், நானும் வைப்பேன். ஆனா 2020ல வந்த தி ஹான்டிங் ஆஃப் வில்லா டியோடாட்டி-ல கூட இருக்குறவங்க எல்லாம் ஒரு முடிவுக்கு வற்புறுத்தறப்ப, இது உங்க எல்லாருக்கும் பங்கு இருக்குற முடிவு இல்ல, இதை நான் ஒருத்திதான் சுமக்கணும்னு அவங்க திரும்பிப் பேசுற எடம் இருக்கு பாருங்க, அங்க அவங்க யாருக்கும் குறைஞ்ச டாக்டர் இல்ல. எழுத்து கொடுத்தா நடிப்பு வருது.

டேவிசனுக்கு முன்னாடி டாக்டரா இருந்த டாம் பேக்கர் (காலின் பேக்கர் வேற ஆளு) 1974ல இருந்து 1981 வரைக்கும் ஏழு சீசன், அவரைப் பத்தி பேசுறப்பயும் இதைக் கவனிக்கணும். ஆரம்பத்துல ஃபிலிப் ஹின்ச்கிளிஃப் ப்ரொட்யூசர், பழைய பேய்க்கதை வாசனையோட பயமா இருக்கும். நடுவுல கிரேம் வில்லியம்ஸ், சிரிப்பு ஜாஸ்தி. கடைசி சீசன் நேதன்-டர்னர், டாக்டரே சோகமா வயசானவரா தெரிவாரு. "டாம் பேக்கர் பிடிக்கும்"னா இதுல எதுன்னு கேளுங்க, ரெண்டு பேரு ஒரே பேரை சொல்லிட்டு ரெண்டு வேற ஆளைப் பத்தி பேசிட்டிருப்பாங்க.

ரேட்டிங்கைத் தூக்கிட்டு வர்றது அடுத்த தப்பு. "இத்தனை கோடி பேரு பாத்தாங்க, அப்ப இவர்தான் பெஸ்ட்"னு. அந்த சீரிஸ் வரலாற்றுலயே அதிகம் பேரு பாத்தது 1979ல டாம் பேக்கரோட சிட்டி ஆஃப் டெத் கதையோட கடைசி எபிசோடு, ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம் பேரு. அருமையான கதைதான், டக்ளஸ் ஆடம்ஸ் கைவண்ணம் அதுல இருக்கு, ஆனா அப்ப போட்டி சேனல் ஐடிவி ஸ்ட்ரைக்குல மூடிக் கெடந்துச்சு, பாக்குறதுக்கு வேற ஒண்ணும் பெருசா இல்ல. இதுக்கு நேர் எதிர் மெக்காய் நிலைமை. அவரோட எபிசோடுகளைக் கொண்டு போய் ஐடிவி-ல கோரனேஷன் ஸ்ட்ரீட் ஓடுற அதே நேரத்துல போட்டாங்க, நாடே பாக்குற சீரியல் அது, அதுக்கு எதிர்ல யாரை நிறுத்துனாலும் அடிதான். 1989ல சீரிஸ் நின்னப்ப (2005லதான் முழு சீரிஸா திரும்ப வந்துச்சு) அவரு தலையில பழி. ஆனா 1988ல வந்த ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ் பாருங்க, முதல் சீசன்ல கோமாளித்தனம் பண்ண அதே ஆளு, இதுல எல்லாரையும் காய் மாதிரி நகத்துற டாக்டரா நிப்பாரு, ராத்திரி ஒரு டீக்கடையில தனியா உக்காந்து ஒரு சின்ன முடிவு எவ்ளோ தூரம் அலை பரப்பும்னு பேசுற சீன்ல எனக்கு தொண்டை அடைக்கும்.

பாக்காத டாக்டருக்கு மார்க் போடுறது இன்னொண்ணு, இதுல நம்ம தப்பு பாதி, பிபிசி தப்பு பாதி. 60கள்லயும் 70கள்லயும் பழைய டேப்பை அழிச்சு அதுமேலயே வேற நிகழ்ச்சியை பதிவு பண்ணாங்க, பிலிம் பிரதிகளையும் தூக்கிப் போட்டாங்க. முதல் ஆறு வருஷத்துல வந்த 253 எபிசோடுல 90க்கும் மேல இன்னும் காணோம். ரொம்ப அடி வாங்குனது ட்ரௌட்டன், அவரோட 119 எபிசோடுல 50க்கும் மேல இல்ல, அவரு டாக்டரா அறிமுகமான ஆறு எபிசோடும் மொத்தமா போச்சு. ரசிகர்கள் அப்பவே வீட்டுல ஒலிப்பதிவு பண்ணி வச்சதால சத்தம் மட்டும் எல்லாத்துக்கும் இருக்கு. ஆனா ட்ரௌட்டன் சத்தத்துல நடிக்கிறவர் இல்ல, அவரு முகத்துல, கைவிரல்ல, ஓரக்கண்ணுல நடிக்கிறவர். தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு-ங்கற கதைக்கு முன்னாடி ஒரே ஒரு எபிசோடுதான் இருந்துச்சு, எல்லாரும் சுமாரான கதைன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 2013ல நைஜீரியாவுல இருந்து மீதி அஞ்சும் கெடச்சுது, பாத்தா டாக்டராவும் வில்லனாவும் ரெண்டு வேஷத்துல மனுஷன் பிச்சு உதறியிருக்காரு! நாப்பது வருஷத்துக்கு மேல சொல்லிட்டிருந்த தீர்ப்பு ஒரே நாள்ல மாறுச்சு.

ஹார்ட்னலை "வசனம் மறக்குற தாத்தா"னு ரெண்டு கிளிப்பை வச்சு முடிக்கிறதும் இதே ரகம்தான். முதல் சீசன்லயே 42 எபிசோடு, வாரத்துக்கு ஒண்ணு, நாலு நாள் ஒத்திகை, ஒரு சாயங்காலத்துல கிட்டத்தட்ட நாடகம் மாதிரி நிறுத்தாம பதிவு, டேப்பை வெட்டி ஒட்டுறது செலவுன்னு நாக்கு தடுமாறுனாலும் அப்படியே போயிடுவாங்க. பின்னாடி ரத்தக்குழாய் நோய் வேற. முதல் கதையில வழியில கெடக்குற காயம்பட்ட குகை மனுஷனைக் கொல்ல கல்லைத் தூக்குற அளவுக்கு சுயநலமா இருக்குற ஆளு, அவருகூட பயணம் போற இயனும் பார்பராவும் கூட இருந்து இருந்து, கொஞ்சம் கொஞ்சமா நாம இன்னிக்கு டாக்டர்னு சொல்ற குணத்துக்கு வர்றாரு. பின்னாடி வந்த எல்லாரும் அவரு கட்டுன வீட்டுலதான் குடியிருக்காங்க.

எண்ணிக்கையைப் பாக்காம ஒப்பிடுறதும் நியாயம் இல்ல. டாம் பேக்கருக்கு 172 எபிசோடு, எக்கிள்ஸ்டனுக்கு 13, பால் மெக்கேனுக்கு 1996ல ஒரு டிவி படம், 2013ல ஏழு நிமிஷத்துக்கு ஒரு குட்டி எபிசோடு. ஷூட்டி காட்வாவுக்கு ரெண்டு சீசன், சீசனுக்கு எட்டே எட்டு. பழைய எபிசோடு 25 நிமிஷம் புதுசு 45ன்னு கணக்கு சொன்னாலும் இடைவெளி அடையாது. குறைஞ்ச நேரம் கெடச்சவரைப் பாத்து "பெருசா ஒண்ணும் பண்ணல"னு சொல்றப்ப, பண்ண விட்டாங்களான்னும் ஒரு தடவ கேட்டுக்கணும்.

யாரை முதல்ல பாத்தோமோ அவரே அளவுகோலா மாறிடுறது எல்லாருக்கும் நடக்கும், எனக்கு எக்கிள்ஸ்டன், அந்த லெதர் ஜாக்கெட் இல்லாத டாக்டரை ஏத்துக்கவே நாளாச்சு, டேவிட் டென்னன்ட் வந்தப்ப ரெண்டு எபிசோடு மூஞ்சிய திருப்பிக்கிட்டுதான் பாத்தேன். அதுல தப்பு இல்ல, பாசம் அப்படித்தான் வரும். "எனக்கு இவரைத்தான் பிடிக்கும்"னு சொல்றதுக்கு ஆதாரம் எதுவும் வேண்டாம், "இவர்தான் சிறந்தவர்"னு சொன்னா வேணும், இந்த ரெண்டு வாக்கியத்தையும் மாத்தி மாத்தி போடுறதாலதான் பாதி சண்டை.

வயசை வச்சுப் பேசுறதையும் விட்ரலாம், மேட் ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தப்ப அவருக்கு 26, சின்னப் பையன்னாங்க, பீட்டர் கபால்டி 55, கெழவன்னாங்க. அந்த சின்னப் பையன் கண்ணுல ஆயிரம் வருஷ சோர்வைக் காட்டுனாரு, அந்தக் கெழவன் ஹெவன் சென்ட்-ங்கற எபிசோடுல கிட்டத்தட்ட முழு எபிசோடையும் ஒத்தை ஆளா தாங்கி நின்னாரு. நம்பர் சண்டையும் எனக்குப் பிடிக்காது, 2013ல ஜான் ஹர்ட் நம்பர் இல்லாத ஒரு டாக்டரா வந்து நடுவுல நின்னாரு, 2020ல ஜோ மார்ட்டின் இன்னொரு டாக்டரா வந்தாங்க, 2023ல ஏற்கெனவே 10ஆ இருந்த டென்னன்ட்டே 14ன்னு திரும்பி வந்தாரு, இதுல யாரு எத்தனையாவதுன்னு மணிக்கணக்கா பேசி நடிப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம எழுந்து போறோம்.

புதுசா பாக்க வர்றவங்க முன்னாடி நம்ம ஆளோட கடைசி சீனைச் சொல்லி ஜெயிக்கப் பாக்காதீங்க, ஆண்ட்ரோசானி முடிவை நான் மேல சொல்லாததும் அதுக்குத்தான். அப்புறம் நடிகரோட பேரைக் குறிச்சு அவருக்கே போய் சேர்ற மாதிரி "நீ வேஸ்ட்"னு எழுதுறது, அதை மன்னிக்க எனக்கு மனசு வரல, அவரும் ராத்திரி போனை எடுத்துப் பாக்குற மனுஷன்தான்.

ஒருத்தரை வரிசையில கீழ தள்ளுறதுக்கு முன்னாடி அவரோட ஒரு நல்ல கதையையாவது பாத்துடுங்க. ட்ரௌட்டனுக்கு தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு, டேவிசனுக்கு ஆண்ட்ரோசானி, மெக்காய்க்கு ரிமெம்பரன்ஸ், எக்கிள்ஸ்டனுக்கு டாலெக், கபால்டிக்கு ஹெவன் சென்ட், விட்டேகருக்கு வில்லா டியோடாட்டி. காலின் பேக்கருக்கு மட்டும் டிவியை அணைச்சுட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஜூபிலியைப் போடுங்க.