துண்டுத்துணிப் போர்வை: மெஷினில் உட்காரும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

பிளவுஸ் தைக்கிற வீடுகளில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைப்பை தொங்கும். உள்ளே வெட்டுத் துண்டுகள்: கல்யாண பிளவுஸின் மிச்சம், லைனிங் துணி, பாவாடைத் துணி, பிள்ளையின் பழைய யூனிஃபார்ம் சட்டை. தூக்கிப் போட மனசு வராது. பை நிறைந்ததும் ஒருநாள், இதை எல்லாம் சேர்த்துப் போர்வை தைத்தால் என்ன என்று தோன்றும்.

நல்ல எண்ணம்தான். துண்டுகளை ஒரே அளவுச் சதுரமாக வெட்டி, மூன்றுக்கு மூன்றாக ஒன்பதைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பிளாக். பிளாக்குகளைச் சேர்த்தால் போர்வை. ஆனால் இப்படித் தைத்த பல போர்வைகள் இரண்டு சலவையில் சுருங்கி, அங்கங்கே உப்பி, மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தைத்தவர்களுக்குத் தையல் தெரியாமல் இல்லை. ஒரே பையில் கிடந்த துணிகளை ஒரே மாதிரித் துணி என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

பையைக் கொட்டிப் பிரிப்பதுதான் முதல் வேலை. காட்டன் தனி, டெரிகாட்டன் தனி, பாலியஸ்டரும் ஜார்ஜெட்டும் தனி. கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். ரேயான் மட்டும் ஏமாற்றும், அதுவும் காட்டன் போலவே எரியும். அதை நனைத்து இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் ரேயானுக்கு வலு குறைவு, எளிதாகக் கிழியும்.

பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. துவைக்காத காட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். பாலியஸ்டர் அசையாது. இரண்டையும் அடுத்தடுத்துத் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது உப்பும். திருப்பூர் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வெட்டுத்துணி இன்னொரு வகைச் சிக்கல். அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். தறியில் நெய்த துணியோடு அதைச் சேர்த்தால் தையல் அலை அலையாகத்தான் வரும். பனியன் துணியில் போர்வை வேண்டுமா, முழுக்கப் பனியன் துணியிலேயே தையுங்கள்.

அடுத்தது சாயம். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். அக்கா மகளுக்கு முதல் குழந்தை பிறந்தபோது ஒரு சின்னப் போர்வை தைத்தேன். பழைய எட்டு முழ வேட்டியின் வெள்ளைக்கு நடுவே அரக்குச் சிவப்பில் டூ பை டூ பிளவுஸ் துண்டு. பழைய துணிகளை எல்லாம் துவைத்தேன். சிவப்பு மட்டும் புதுசு, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே வெட்டிவிட்டேன். தைத்து முடித்து, இரவு வாளியில் ஊறப் போட்டேன். காலையில் வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் வெளிறிய ரோஜா நிறம். அதுவும் ஒரே சீராக இல்லை, தையல் ஓரங்களில் அடர்த்தியாகத் திட்டுத் திட்டாக இருந்தது. மூன்று வாரத்து வேலை.

அதன்பிறகு அடர் சிவப்பு, கருநீலம், கரும்பச்சை எதுவானாலும் தனித்தனியாக வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுவைக்கிறேன். தண்ணீர் தெளிவாக நிற்கும்வரை அலசுகிறேன். அதன்பின் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஒட்டினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை. கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். சாயம் ஏற்றும்போது இழை சாயத்தைப் பிடிக்க உப்பு உதவும், உண்மைதான். ஏற்றி முடித்த துணியிலிருந்து கழன்று வரும் சாயத்தை அது நிறுத்தாது. 1960களில் நம் ஊர்க் கட்டம்போட்ட துணியை அமெரிக்காவில் ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்றே பெயர் வைத்து, சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைக்கிற போர்வைக்கு ஆகாது.

சின்னத் துண்டுகளை வாஷிங் மெஷினில் அப்படியே போடாதீர்கள். பிசிறு பிசிறாகப் பிரிந்து, நூல் உருண்டையாகத்தான் திரும்பி வரும். வலைப்பையில் கட்டிப் போடலாம், இல்லாவிட்டால் பேசினில் கையால் அலசலாம்.

துவைத்த துணி தொளதொளவென்று இருக்கும்போதே வெட்டுவது இன்னொரு தவறு. பழைய சேலையும் வேட்டியும் கத்தரிக்கோலுக்கு முன்னால் நழுவிக்கொண்டே போகும். இதற்குச் சோறு வடித்த கஞ்சியே போதும். துணியில் வடிகட்டித் தண்ணீர் கலந்து, நீர்க்கக் கரைத்து, துண்டுகளை முக்கிப் பிழிந்து நிழலில் காயவையுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் காகிதம் போல விறைப்பாக நிற்கும், கோடு போட்ட இடத்தில் வெட்டும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: போர்வை முடிந்ததும் துவைத்துக் கஞ்சியைப் போக்கிவிட வேண்டும். கஞ்சியோடு பீரோவில் மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

இழையின் திசையைப் பார்க்காமல் வெட்டுவது, பிளவுஸ் மிச்சத்தில் தைப்பவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. கிராஸ் கட் பிளவுஸுக்குத் துணியைக் குறுக்காகப் போட்டு வெட்டுகிறோம். அதனால் மிஞ்சும் துண்டின் ஓரம் நேராகத் தெரிந்தாலும் இழை சாய்வாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீளும். அந்த ஓரத்தை வைத்துச் சதுரம் வெட்டினால், தைத்து முடிப்பதற்குள் அது சாய்சதுரமாகியிருக்கும். துண்டின் ஓரத்தை நம்பாதீர்கள். ஓர் இழையை உருவுங்கள், அது போகிற கோடுதான் நேர்க்கோடு. ஸ்கேலை அதன்மேல் வையுங்கள்.

அளவு எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தில் தொங்கும் இன்ச் டேப் நாள்பட்டால் நீண்டுபோகும். ஒரே ஒரு ஸ்டீல் ஸ்கேல், தொடக்கம் முதல் முடிவு வரை அதுவே. அட்டையில் மாதிரி வெட்டி வைத்தால் ஐம்பது சதுரம் வரைவதற்குள் மூலை மழுங்கிவிடும். பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில் வெட்டி வையுங்கள், மழுங்காது. சாக்பீஸ் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு, கோட்டின் உள்பக்கமாக வெட்டுங்கள்.

இனி கால் இன்ச் விஷயம். எனக்குத் தெரிந்து இதில்தான் கைதேர்ந்த தையல்காரர்களும் தடுமாறுகிறார்கள். பிளவுஸ் தைத்துப் பழகிய கை உள்ளே தாராளமாகத் துணி விடும், பின்னால் பிரித்துவிட வேண்டுமே! பிளாக்கில் அந்தப் பழக்கத்தை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். இங்கே தையலுக்கு விடுவது கால் இன்ச், எல்லா இடத்திலும் அதே கால் இன்ச்.

கணக்கைப் பாருங்கள். இரண்டரை இன்ச் சதுரம் ஒன்பது. ஒரு வரிசையில் மூன்று சதுரம், நடுவே இரண்டு தையல். சரியாகத் தைத்தால் பிளாக் ஆறரை இன்ச் வரும், போர்வையில் சேர்த்தபின் ஆறு இன்ச் தெரியும். இப்போது ஒவ்வொரு தையலிலும் கால் இன்ச்சுக்கு மேல் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு தையலில் இரண்டு துணி, ஆக அரைக்கால் இன்ச் போயிற்று. இரண்டு தையலில் கால் இன்ச். பிளாக் ஆறேகாலில் வந்து நிற்கும். பத்துப் பிளாக் சேர்த்தால் இரண்டரை இன்ச் காணாமல் போயிருக்கும். எல்லாப் பிளாக்கும் ஒரே அளவு குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். காலையில் தைத்தது ஆறரை, தூக்கக் கலக்கத்தில் தைத்தது ஆறேகால் என்றால் மூலைகள் எப்படிச் சேரும்?

துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலின் ஓரத்தைக் கால் இன்ச் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மெஷினுக்கு மெஷின் மாறும். ஸ்கேலின் கால் இன்ச் கோட்டில் ஊசி இறங்கும்படி வைத்து, ஸ்கேலின் ஓரம் எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் தகட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். சின்னச் சுவர் போல நிற்கும், துணி அதை ஒட்டியே ஓடும். அப்புறம் ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை மயிரிழை ஊசிப் பக்கமாகத் தள்ளி ஒட்டி மறுபடி தைத்துப் பாருங்கள். துணி மடியும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகும் என்பதால் பெரும்பாலும் கால் இன்ச்சுக்கு ஓர் இழை குறைவாகப் பிடித்தால்தான் சரியாக வரும்.

இந்தச் சோதனை முடியாமல் முன்னூறு சதுரம் வெட்டிவிடாதீர்கள். ஒரு பிளாக் முழுதாகத் தைத்து, அளந்து, சரி என்றான பிறகு மற்றதை வெட்டலாம். ஆள் படுக்கும் அளவில், அறுபதுக்குத் தொண்ணூறு இன்ச் போர்வைக்கு ஆறு இன்ச் பிளாக் 150 வேண்டும், சதுரம் 1350. முதல் முயற்சிக்கு அது வேண்டாம். முப்பத்தாறு இன்ச் குழந்தைப் போர்வைக்கு 36 பிளாக், 324 சதுரம் போதும்.

சதுரம் போதாது, முக்கோணமும் வைக்கலாம் என்று ஆசை வரும். அப்போது முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்கக் கூடாது. சாய்வு ஓரம் முழுவதும் கிராஸ், துணியை நகர்த்தும் மெஷின் பல்லே அதை இழுத்துவிடும். மூன்று இன்ச்சில் இரண்டு நிறச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டுங்கள். விரித்தால் இரண்டு நிறச் சதுரம் இரண்டு கிடைக்கும். அதை இரண்டரைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

தேய்ப்பதிலும் கவனம் வேண்டும். சட்டை தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்த்தால் நேராகத் தைத்ததுகூட வளைந்துவிடும். பெட்டியை வைத்து, அழுத்தி, எடுங்கள். தையல் மடிப்பை அடர் நிறத் துணியின் பக்கம் சாய்ப்பது வழக்கம், வெள்ளைக்கு அடியில் நிழலாடாது. அதைவிட முக்கியமானது, முதல் வரிசையின் மடிப்பு வலப்பக்கம் என்றால் இரண்டாம் வரிசை இடப்பக்கம் சாய வேண்டும். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது மடிப்பும் மடிப்பும் எதிரெதிராக வந்து, விரல் வைத்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேர்வதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

நிறம் அவரவர் விருப்பம். ஆனால் வெளிர், அடர் என்ற பேதம் இல்லாவிட்டால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் தூரத்திலிருந்து ஒரே கலங்கலாகத் தெரியும். சதுரங்களைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கட்டம் தெரியவில்லை என்றால் இடம் மாற்றுங்கள்.

பிளாக் குறைந்துவிட்டால் இழுத்துப் பிடித்துச் சேர்க்க வேண்டாம், அந்த இழுப்பு போர்வையின் ஆயுசு முழுக்க நிற்கும். சுற்றிலும் பட்டை வைத்துத் தைத்து, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஊசியைப் பற்றிச் சுருக்கமாக: மெல்லிய காட்டனுக்குப் பதினான்காம் நம்பர் போதும், பதினாறாம் நம்பர் துணியில் ஓட்டை போடும்.

எவ்வளவு சின்னத் துண்டுவரை வைத்துக்கொள்வது என்று கேட்பார்கள். ஒரு இன்ச் சதுரத்தில் நாலு பக்கமும் தையலுக்குப் போனால் மிஞ்சித் தெரிவது அரை இன்ச் சதுரம். முக்கால்வாசித் துணி உள்ளே போய்விடுகிறது. இரண்டரை இன்ச்சில் அறுபது சதவீதத்துக்கு மேல் வெளியே தெரியும். இரண்டு இன்ச்சுக்குக் கீழே உள்ளதைச் சதுரமாக்க நான் முயல்வதில்லை. கழுத்து, அக்குள் வளைவில் விழும் கோணல் துண்டுகளையும் அப்படித்தான். பழைய வேட்டியில் ஏழு இன்ச் சதுரம் வெட்டி அடித்துணியாக வைத்து, அதன்மேல் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தைத்துப் புரட்டிக்கொண்டே போய், கடைசியில் ஆறரைக்குத் திருத்துவேன். இழை எப்படி ஓடினாலும் அடித்துணி பிடித்துக்கொள்ளும்.

இந்த இன்ச் கணக்கே ஒத்துவராதவர்களுக்கும் வழி இருக்கிறது. வடகர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். பிளாக் கிடையாது, அளவு கிடையாது. பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டை மடித்து வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்வார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ. அங்கே பழைய துணியின் தொளதொளப்பு குறையே இல்லை, கைத்தையல் அதோடு ஒத்துப்போகிறது. பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் நைந்த சேலையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டு விரிப்பது நம் வீடுகளிலும் உண்டே. நைந்த துணி நிறைய இருந்து, மெஷினில் வைத்தால் பிய்கிறது என்றால், பிளாக்கை விட்டுவிட்டு இப்படிக் கையால் தையுங்கள்.

முதலில் பிரித்து வைத்த பாலியஸ்டர், ஜார்ஜெட் துண்டுகளைப் பட்டையாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, சுற்றித் தைத்தால் வாசலுக்கு மிதியடி ஆகும். எங்கள் வீட்டு வாசலில் அதுதான் கிடக்கிறது.